ஆறு மணி நேரம் பிந்தினால்

இருபத்தேழாவது வரியில் கஸ்மீர் வாஸ் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். பெரிய வரியொன்றும் இல்லை. பஸ் இப்போது வந்துவிடும் என்பதுபோல ஐந்தாறு ஆங்கிலச் சொற்கள். அதை ஸ்பானிஷில் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியதுதான், வேறு நாளாக இருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. தென்னமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்துப் பஸ் கம்பெனி ஃபோனில் ஆப் போடுகிறதாம், பஸ் எங்கே வருகிறது, எவ்வளவு பிந்தும் என்று பார்த்துக்கொள்ள. அதில் வரப்போகிற தாமத வாக்கியங்கள் அறுபத்துநாலும் தூத்துக்குடியில் ஒரு வீட்டுப் பின்னறையில், இடுப்பு வலிக்காரரான இவர் தலையில் விடிந்திருந்தன. கொஞ்சம் லேட், ரொம்ப லேட், வழக்கத்தைவிட லேட், இப்போதுதான் போயிற்று, இன்னும் சிறிது நேரத்தில், எந்த நிமிஷமும், நேரத்துக்கு, நேரத்துக்குள், நேரம் கடந்துவிட்டது. ஒரு மனுஷனைப் பயங்காட்டவென்றே யாரோ உட்கார்ந்து பொறுக்கியெடுத்த பட்டியல்மாதிரி இருந்தது அவருக்கு. மணி இரண்டு நாற்பது. நாலு மணிக்கு மாத்திரைச் சீட்டு சென்னை ஆபீஸிலிருந்து மருந்துக் கம்பெனிக்குப் போய்விடும். பஸ்ஸுக்கும் மாத்திரைச் சீட்டுக்கும் சம்பந்தமில்லை, அது வேறு வேலை, நேற்றே முடித்து அனுப்பியாயிற்று, அதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று சொன்னால் குடிக்கிறவனுக்கு முன்னால் குரங்குதானே வந்து உட்காரும்? அது வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாற்பத்தொன்று.

பஸ் இப்போது வந்துவிடும். இப்போதுக்கு ஸ்பானிஷில் எத்தனையோ சொல். அஓரா உண்டு, அதைக் குட்டியாக்கி அஓரித்தா உண்டு, யா மிஸ்மோ உண்டு. எதைப் போடுவது? கஸ்மீருக்கு ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. பதினெட்டு வருஷம் கப்பலில் ஸ்டூவர்டாகத் தட்டு தூக்கினார், அதில் ஒன்பது வருஷம் ஈக்வடார்க்காரன் வில்மெருடன் ஒரே கேபினில் மேல்படுக்கை கீழ்படுக்கை. அவன் வாயிலிருந்து வந்ததுதான் முழு பாஷையும். பரீட்சையெல்லாம் பிற்பாடு, இடுப்பு போய்க் கரையில் உட்கார்ந்த பிறகு, சென்னைக்கு ரயிலேறிப்போய் எழுதிச் சான்றிதழ் வாங்கியது. ஆனாலும் இன்றைக்கும் அவர் எழுதுகிற ஒவ்வொரு ஸ்பானிஷ் சொல்லும் வில்மெரின் கரகரத்த தொண்டையில்தான் காதுக்குள் கேட்கும். யா மிஸ்மோ. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இப்பவே என்று அர்த்தம். வில்மெர் சொன்னால் அதற்கு இப்பவேயிலிருந்து அடுத்த துறைமுகம்வரை எது வேண்டுமானாலும் அர்த்தம். நம்ம ஊர் ‘இந்தா வாரேன்’ மாதிரி. குளிக்கவே போகாதவன் ஃபோனை எடுத்து இந்தா வந்துட்டேன், முக்குல நிக்கேன் என்பானே, அது பொய்யா? பொய்யென்று சொல்லவும் முடியாது. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், இருவரும் அதை வைத்துச் சமாதானமாக இருந்துகொள்வார்கள். நாளைக்கு ஆபீஸில் கேட்டுவிடலாம் என்று நேற்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டதும் அந்த வகைதான். காலையில் என்று சொல்லி, பிறகு காப்பி குடித்துவிட்டு என்று சொல்லி, பஸ் பட்டியலில் பாதி முடித்துவிட்டு என்று சொல்லி, இதோ மத்தியானமும் சாய்ந்துவிட்டது. ஸ்பானிஷில் மத்தியானம் கழிந்த பொழுதுக்கும் பிந்திப்போனதற்கும் ஒரே சொல்தான், தார்தே. அந்த ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். அஓரா என்று தட்டினார். அழித்தார். காது மடல் சூடாக இருந்தது. கஸ்மீருக்குப் பயம் வந்தால் வயிறு கலங்காது, கை நடுங்காது, காதுதான் சுடும்.

மாத்திரைச் சீட்டென்றால், மாத்திரை டப்பாவுக்குள் நாலாக எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத பொடியெழுத்துக் காகிதம், அது. ரத்தம் உறையாமல் வைத்துக்கொள்கிற மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பிட மறந்து நேரம் பிந்திப்போனால் என்ன செய்யவேண்டும் என்று அதில் ஒரு பகுதி. ஆறு மணி நேரத்துக்குள் பிந்தியிருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்குமேல் பிந்தியிருந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்குப் பாருங்கள். அவ்வளவுதான். இதை மொழிபெயர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். வேண்டாமென்பதுதான் வினையே. இவர் வேலை செய்கிற மென்பொருளுக்கு மெமரி என்று ஒன்று உண்டு. முன்னே எப்போதோ செய்த வாக்கியம்போலவே புதிதாக ஒன்று வந்தால், அதுவே பழைய மொழிபெயர்ப்பைத் தூக்கிக்கொண்டுவந்து கட்டத்தில் போட்டுவிடும், மஞ்சள் நிறத்தில், ஓரத்தில் தொண்ணூற்றாறு சதவீதம் என்று குறித்து. மிச்ச நாலு சதவீதத்தை நாம் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் முன்னால் வேறொரு மாத்திரைக்கு இதே சீட்டைச் செய்தார். அந்த மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஆக நேற்று மெமரி பன்னிரண்டைத்தான் கொண்டுவந்து போட்டிருக்கும். பன்னிரண்டை ஆறாக்கியிருக்க வேண்டும். ஆக்கினேனா? ஆக்கினேன். விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறாம் எண் கட்டையை அமுக்கியது, அது கொஞ்சம் இறுகின கட்டை, அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும், அந்த டக் காதில் இருக்கிறது. ஆனால் அந்த டக் நேற்றையதா? ஆறை அவர் எத்தனை இடத்தில்தான் அமுக்குவதில்லை? இரண்டு மாதமாக எல்லா நாளும் ஆறை அமுக்கிக்கொண்டுதானே இருக்கிறார்? விரலைக் கூண்டிலேற்றி சாட்சி கேட்டால் அது என்ன சொல்லும், பாவம். திறந்து பார்க்கலாமென்றால் அனுப்பிய நிமிஷமே கோப்புக்குப் பூட்டு விழுந்துவிடும், பிறகு அது ஆபீஸுக்குச் சொந்தம். பிரதி எடுத்து வைக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், இவரும் யோக்கியர், எடுத்து வைக்கவில்லை. இன்னொருத்தர் படித்துப் பார்ப்பது வழக்கம். இது அவசரம், நாலு மணிக்குள் வேண்டும், ஒருத்தர் பார்த்தால் போதும் என்று அந்த மருந்துக் கம்பெனியே சொல்லிவிட்டதாம். ஒருத்தர் என்றால் இவர்தான்.

“என்னங்க.” கதவருகில் ஜெசிந்தா. பட்டுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதித் தலை வாரியபடி. அவளுடைய தங்கச்சி மகளுக்கு இன்றைக்கு நிச்சயம். “மணி மூணாகப் போகுது. நாலரைக்கு அங்க நிக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வந்து உக்காந்த பொறவு நாம போயி நின்னா நல்லாவா இருக்கும்?”

“இந்தா வாரேன்.”

“இந்தா வாரேன் இந்தா வாரேன்னு சொல்லித்தான நம்ம கலியாணத்துக்கே கோயிலுக்குப் பிந்தி வந்திய. சாமியாரு பூசைய தொடங்கிட்டாரு, மாப்பிள்ளைய காணும்.” முப்பது வருஷமாகச் சொல்கிற பழி, சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்றைக்குச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “என்ன, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? நேத்து ராத்திரியும் சோத்த அளஞ்சிட்டுத்தான எந்திரிச்சிய?”

“ஒண்ணுமில்ல. வேல.”

“வேல எந்நாளுந்தான் இருக்கு.” கையைத் தூக்கித் தலையைக் கோதிக்கொண்டே போனாள். ரவிக்கை விளிம்புக்குக் கீழே, முழங்கைக்கு மேலே, நீலமும் பச்சையுமாக ஒரு கன்றல். பீரோக் கதவு லேசாகப் பட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த மாத்திரை சாப்பிடுகிற உடம்பில் ஒரு விரல் அழுத்தினாலும் கன்றும்.

ஜெசிந்தாவுக்கும் இதே வகை மாத்திரைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் கோளாறென்று மதுரையில் பதினோரு நாள் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போய்விட்டு அலுத்துவந்து படுத்துவிட்டாள், மறந்துபோனாள். விடிந்து ஏழு மணிக்கு ஞாபகம் வந்தது. ஐயோ ராத்திரி மாத்திரை, என்று அப்போதே ஒன்றைப் போட்டாள். எட்டானதும் காலை மாத்திரை, அது வழக்கப்படி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். கஸ்மீர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஸ்பானிஷ் படித்தவர், நாலு சமுத்திரம் பார்த்தவர், அவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் பல் விளிம்பில் ரத்தம். வாயைக் கொப்பளித்தாள், நிற்கவில்லை. சாயங்காலம் மூக்கில். வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. அவள் குனிந்து நின்று ஒன்றுமில்லைங்க ஒன்றுமில்லைங்க என்கிறாள், பேசுகிறபோதெல்லாம் இன்னும் கொட்டுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், மகள் வயதிருக்கும், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்: ஆறு மணி நேரம் தாண்டினா அந்த வேளைய விட்டுடணும்னு சீட்டுலயே போட்டிருக்கே, யாரும் படிக்கலியா? யாரும் படிக்கவில்லை. ஆனால் படிக்கிறவர்களும் இருப்பார்கள். வில்மெர் ஊரான குவயாகிலில், ஆற்றங்கரைப் பக்கம், கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டைப் பிரித்துப் படிக்கிற ஒரு பொம்பளை இருப்பாள். ஒழுங்கானவள், ஜெசிந்தா மாதிரி இல்லை. ராத்திரி மறந்துவிட்டு விடிந்ததும் திடுக்கிட்டு, போடலாமா கூடாதா என்று விரல் வைத்துப் படிப்பாள். பதினொரு மணி நேரம் பிந்தியிருக்கிறது. சீட்டில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் போடலாம் என்று இருக்கிறது. நல்லவேளை, என்று சொல்லிக்கொண்டு போடுவாள். படிக்காதவளுக்கு வந்த கேடு படித்தவளுக்கும் வரும், இவர் எழுதியதை நம்பிப் படித்ததனாலேயே வரும். அவளுக்கு ஒரு வாஷ்பேசின் இருக்கும். பக்கத்தில் பேப்பர் படிக்கிற ஒருவன்கூட இல்லாமல் இருக்கலாம்.

மூன்று ஐந்து. முப்பதாவது வரி: ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’. இதற்கு யோசிக்கவே வேண்டாம், தெமோரா என்று போடலாம், ரெத்ராசோ என்றும் போடலாம், ஊருக்கு ஊர் ஒன்று. தெமோரா சுணக்கம் மாதிரி, ஒருவரும் வேண்டுமென்று செய்தது இல்லை. ரெத்ராசோவில் கணக்குப் பார்த்த குறை இருக்கிறது, இத்தனை மணிக்கு வரவேண்டியவன் இத்தனை மணிக்கு வந்தான் என்று. எனக்கு எது? நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீட்டை அனுப்பினார். ஆறே முக்காலுக்கு மருந்துக்கடையில் நின்றார், ஜெசிந்தாவுக்கு மாத்திரை வாங்க. கடைக்காரர் கல்லாவுக்கு மேலே பெரிய கடிகாரம், அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். டப்பாவைத் திறந்து சீட்டைச் சும்மா பிரித்தார், தொழில் புத்தி, எவன் எப்படி மொழிபெயர்த்திருக்கிறான் பார்ப்போம் என்று. ஆறு மணி நேரம் என்று கண்ணில் பட்டது. காது சுட்டது. அந்த வினாடியே தெரிந்துவிட்டது, பன்னிரண்டை ஆறாக்கினோமா என்று தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டது. கையில் ஃபோன் இருந்தது. சென்னை ஆபீஸில் யாமினி எட்டு மணிவரை இருப்பாள். நல்ல பெண், வேலை பங்கிட்டுக் கொடுக்கிறவள், வாஸ் சார் வாஸ் சார் என்று மரியாதையாகப் பேசுகிறவள். கூப்பிட்டிருக்கலாம். ஆபீஸ் விதியும் அதுதான். தப்பு நடந்திருக்குமோ என்று தோன்றிய ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால் ஒரு குறிப்பு எழுதுவார்கள், அத்தோடு சரி. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது தெரியவந்தால் பட்டியலிலிருந்து பேரையே எடுத்துவிடுவார்கள், மறுபேச்சில்லை. பேரை எடுத்துவிட்டால் தூத்துக்குடியில் ஸ்பானிஷ் தெரிந்த ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு வேறு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? உப்பளத்தில் மூட்டை தூக்க இடுப்பு ஒத்துழைக்குமா? ஆகவே ஆறே முக்காலுக்கு அவர் நினைத்தது: நான் மாற்றியிருப்பேன். எட்டு மணிக்கு நினைத்தது: மாற்றித்தான் இருப்பேன், விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று காலை நினைத்தது: இப்போது சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள். பத்து மணிக்கு நினைத்ததும் அதுவேதான், இன்னும் கொஞ்சம் பயத்தோடு. ஒவ்வொரு மணி நேரமும் வாயைத் திறப்பதற்கு இருந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே வந்தது. சாத்தினது யாரென்று கேட்டால், அவரேதான்.

வில்மெரிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். ஒன்றுமிருக்காது என்பான், ‘நாதா’ என்று அவன் பாஷையில், ஒன்றுமேயிருக்காது. அவனுக்கும் ஒன்றுமிருக்காது என்றுதான் கஸ்மீர் அன்றைக்கு நினைத்தார். கயாவோ துறைமுகத்துக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. கப்பலில் கேப்டனுக்குப் பிறந்தநாள், மெஸ்ஸில் இருபது பேருக்கு விருந்து, கஸ்மீர் தட்டோடு பறந்துகொண்டிருக்கிறார். ஐஸ் எடுக்கக் கீழே வந்தவரைக் கேபினிலிருந்து வில்மெர் கூப்பிட்டான். வயிறு, என்றான், வலது பக்கம் காட்டினான், செகண்ட் மேட்டைக் கூப்பிடு, மருந்துப் பெட்டி சாவி அவனிடம் இருக்கிறது. கஸ்மீர் என்ன சொன்னார் தெரியுமா? யா மிஸ்மோ, என்றார். சரியான குவயாகில் இழுப்போடு வந்தது அது, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவ்வளவு அச்சாக. வலியிலும் வில்மெர் சிரித்து, பார்டா எங்க ஊர்க்காரனாகிவிட்டான் என்கிறமாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மேலே போனதும் கேப்டன் ஏதோ கேட்டார், பிறகு கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், மறந்தே போய்விட்டது. மறந்ததா? நடுவில் ஒரு தடவை ஞாபகம் வந்தது. இந்தத் தட்டை வைத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தார், அதுதான் இன்றைக்கும் அவரை அரிக்கிறது. செகண்ட் மேட்டைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வில்மெரின் முகம் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது, வலி நின்றுவிட்டது என்றான், நின்றதுதான் மோசம் என்று செகண்ட் மேட் ஓடினான். குடல்வால் உள்ளேயே வெடித்திருக்கிறது. கயாவோவில் ஸ்ட்ரெச்சரோடு கயிற்றில் கட்டிப் படகுக்கு இறக்கினார்கள், கப்பல் நிற்கவில்லை, புறப்பட்டுவிட்டது. பிழைத்தான் என்று ஒருவன் சொன்னான், இல்லையென்று இன்னொருவன். கஸ்மீர் எழுதிக் கேட்கவில்லை. விலாசம் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. பதினாறு வருஷமாகிறது, இன்னும் அவன் குரலில்தான் எழுதுகிறார், செத்தவன் குரலா உயிரோடிருக்கிறவன் குரலா என்று தெரியாமலே.

மூன்று இருபத்தைந்து. “ஏங்க, மொகத்தையாவது கழுவுங்க” என்று உள்ளேயிருந்து சத்தம். இந்தா, என்றதோடு நிறுத்திக்கொண்டார். முப்பத்தெட்டாவது வரிக்கு எப்படி வந்தாரென்று அவருக்கே தெரியவில்லை, நடுவில் என்னென்ன தட்டியிருக்கிறார் பார்த்தால்தான் தெரியும். திரும்பிப் போய்ப் பார்த்தார். இருபத்தொன்பதில் ஐந்து நிமிஷம் என்று வரவேண்டியதற்குப் பதினைந்து என்று கிடந்தது. மெமரி கொண்டுவந்து போட்டது, மஞ்சள் கட்டம், அவர் கை ஒப்புக்கொண்டு தாண்டிவந்திருக்கிறது. சுயநினைவோடு, பட்டப்பகலில், இதே விஷயத்தை நினைத்துப் பயந்துகொண்டே இதே தப்பைச் செய்திருக்கிறார். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆனால் ஒரு ஆள் வெயிலில் நிற்பான், போகட்டும். நேற்று? நேற்று இதைவிடச் சோர்ந்து உட்கார்ந்திருந்தாரே. இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று தட்டித் தள்ளினாரே. காது சுடுவது கழுத்துக்கு இறங்கியது. மூன்று முப்பத்திரண்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கண் கெட இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கிறது. அது இருபத்தேழானது. சொன்னால் நான் போனேன். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலே இருந்துவிடலாம், சரியாகவே மாற்றியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை, குவயாகில் எங்கேயோ இருக்கிறது, அந்தப் பொம்பளை மாத்திரையை மறக்காமலே இருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று எத்தனை இருக்கலாமைத்தான் ஒரு வாஷ்பேசின்மேல் அடுக்குவது? ஃபோனைக் கையில் எடுத்தார். வைத்தார். கைலியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார்.

“சொல்லுங்க வாஸ் சார்.”

“யாமினி, அந்த மாத்திரைச் சீட்டு. போயிட்டாம்மா?”

“இல்ல சார், நாலு மணிக்கு. ஏன் சார்?”

“ஒரு எடம் பாக்கணும். நாப்பத்தொண்ணாவது வரி. உனக்கு ஸ்பானிஷ் தெரியாட்டி பரவால்ல, உள்ள என்ன நம்பர் இருக்குன்னு மட்டும் சொல்லு.”

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ சுற்றுகிறதைப்போல, ஆபீஸில் யாரோ சிரிக்கிறதைப்போல. ஒரு கோப்பு திறக்க இவ்வளவு நேரமா ஆகும்? அவர் பிடித்த பிடியில் நாற்காலிக் கைப்பிடியின் மேலுறை உரிந்துவந்தது.

“ஆறு, சார்.”

“என்னது?”

“ஆறுன்னு இருக்கு. சிக்ஸ்.”

ஆண்டவரே, என்றார் கஸ்மீர், சத்தமாகவே. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, விரலைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க இந்த நல்ல விரலைப்போய்ச் சந்தேகப்பட்டோமே. “சரிம்மா, சரிம்மா, சும்மா ஒரு சந்தேகம். வயசாகுதுல்ல.”

“டென்ஷன் ஆகாதீங்க சார். அவ்ளோதானே, வெச்சிடட்டா?”

“வையும்மா” என்றார். சொன்ன வாய் மூடவில்லை. டக் என்று ஒரு தடவை. அவருக்கு ஞாபகமிருந்தது ஒரு தடவைதான். ஆறு மணி நேரத்துக்குள் என்று ஒரு வரி, ஆறு மணி நேரத்துக்குமேல் என்று அடுத்த வரி. இரண்டு டக் அல்லவா இருக்கவேண்டும்? வையும்மா என்று சொல்லியாயிற்று. அவளும் வைக்கப்போகிறாள். வாய் திறக்காமல் இருந்தால் போதும், இந்தச் சந்தோஷம் அப்படியே இருக்கும், முகத்தைக் கழுவிக்கொண்டு நிச்சயத்துக்குப் போய் லட்டு தின்னலாம்.

“யாமினி. வச்சிராத. நாப்பத்திரண்டு.”

“அதுலயா? இருங்க.” மறுபடி விசை தட்டுகிற சத்தம். “இதுல பன்னண்டு, சார்.”

  உள்ளே ஜெசிந்தா பவுடர் டப்பாவைத் தட்டுகிற ஓசை கேட்டது.

“சார்? அது தப்பா சார்?”

“தப்பு. நிறுத்தும்மா. அனுப்பாத. ஆறாக்கணும், எனக்குத் திறந்து விடு, மத்த நம்பரெல்லாத்தையும் ஒண்ணு விடாம பாக்கேன்.”

“நிறுத்திட்டேன் சார், நிறுத்திட்டேன். நல்லவேளை சொன்னீங்க.” அவள் மூச்சு வாங்குவதும் கேட்டது. “ஃபார்ம் ஒண்ணு போடணும் சார், நானே ஃபில் பண்ணிடறேன். எந்த வரி, என்ன தப்பு, ஓகே. எப்ப தெரிஞ்சுதுன்னு ஒரு கட்டம் இருக்கு.” கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டாள். “இப்பதான்னு போட்டுக்கறேன் சார். அப்படித்தானே?”

இப்பதான். சொல்லவே வேண்டாம், ம் என்றால் போதும். கொடுக்கிறாள் பாவம், கை நீட்டிக் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்டு போவதில் யாருக்கு என்ன நஷ்டம்? சீட்டுதான் நின்றுவிட்டதே. அவருக்குக் காது மட்டுமில்லை, கண்ணும் சுட்டது.

“இல்லம்மா” என்றார். “நேத்து சாயங்காலம் ஆறே முக்காலுக்கே தோணிட்டு.”

“சார், அப்படிப் போட்டா உங்க பேரு...”

“தெரியும். போடு.”

 அவள் ஒவ்வொரு விசையாகத் தட்டினாள், கேட்டது. பிறகு கட்டத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“அப்பவே ஏன் சார் சொல்லல?”

“பயமா இருந்துச்சும்மா” என்றார் கஸ்மீர்.